மூஞ்சூறும் ஆற்றுத் திருக்கையும்

புதுச்சேரியில் மூஞ்சூறு நுழையாத பழைய வீடு அபூர்வம். இருட்டியதும் சாக்கடையோரம் கீச்சிட்டபடி கிளம்பி, நீண்ட மூக்கால் தரையைத் துழாவிக்கொண்டு சுவரை ஒட்டியே ஓடும். பிள்ளையாரின் வாகனம் என்று விட்டுவிடுவோரும் உண்டு, எலி என்று அடித்துப்போடுவோரும் உண்டு. அது எலியே அல்ல, பூச்சிதின்னி.

கரப்பானைப் பிடித்ததும் முன்பற்களால் கவ்வி, வாயின் ஓரத்துக்குத் தள்ளும். கால்கள் வெளியே துடித்துக்கொண்டிருக்க, நறுக்நறுக்கென்று சத்தம் கேட்கும். கரப்பானின் மேலோடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. வெறுமனே நசுக்கினால் வளைந்துகொடுக்கும், அரிந்தால்தான் கிழியும். மூஞ்சூறின் கடைவாய்ப் பற்களில் கூரிய மடிப்புகள் இருக்கின்றன. தாடை மேலும் கீழும் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் அசைவதால், அந்த மடிப்புகள் கத்தரிக்கோல்போல் ஓட்டை வெட்டுகின்றன. இப்படி மெல்லுவது பாலூட்டிகளின் தனிச்சொத்து என்றே வெகுகாலம் கருதப்பட்டது.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு திருக்கை. புதுச்சேரியின் குபேர் அங்காடியில் கிடக்கும் திருக்கை கடல்மீன். அதன் உறவுக்காரர்கள் சிலர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே தென் அமெரிக்க ஆறுகளுக்குள் புகுந்து, நன்னீரிலேயே தங்கிவிட்டார்கள். கடலில் பூச்சிகள் இல்லையென்றே சொல்லலாம். ஆற்றிலோ பஞ்சமே இல்லை. பொட்டமோட்ரைகான் மோட்டோரோ என்ற திருக்கை அவற்றையும் தின்னும். எலும்பே இல்லாத, வெறும் குருத்தெலும்புத் தாடை கொண்ட மீன் கைட்டினை எப்படிச் சமாளிக்கிறது?

டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு மீன், இறால், தும்பியின் இளம்புழு மூன்றையும் கொடுத்து, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. திருக்கை தட்டுபோன்ற தன் உடலின் முன்விளிம்பைத் தூக்கி இரையை உள்ளே இழுத்தது. பிறகு தாடையை நீட்டி, இடமும் வலமுமாக அசைத்து மென்றது. மூஞ்சூறுக்கு உள்ளதுபோல் கச்சிதமாகப் பொருந்தும் கடைவாய்ப் பற்கள் அதற்கில்லை; இறுக்கமாகப் பிணைக்கப்படாத தாடைகள்தான் அந்த அசைவுக்கு இடம்கொடுக்கின்றன. எனக்கு இதுவே பெரிய வியப்பு: உறவில் எவ்வளவோ தள்ளியிருக்கும் இரண்டு உயிர்கள், ஒரே கடினமான ஓட்டை உடைக்க ஒரே அசைவுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு வேலையில் மட்டும் வழி வேறு. வாயில் இருப்பதைப் புரட்டிப் பற்களுக்கிடையே தள்ள மூஞ்சூறுக்கு நாக்கும் கன்னமும் உண்டு. திருக்கைக்கு அப்படி வளைந்துகொடுக்கும் நாக்கு கிடையாது. தண்ணீரை உறிஞ்சியும் உமிழ்ந்துமே இரையை நகர்த்துகிறது.