பின்வளவு அறைக்கும் இணையம்

வீட்டுக்குள் இணையம் நன்றாக வேலை செய்கிறது. பின்வளவில் இருக்கும் தையல் அறைக்கோ, பிள்ளை படிக்கும் அறைக்கோ போனால் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இதே கதைதானா, சகோதரிகளே?

சுவரும் தகரமும் வைஃபை அலையை மறித்துவிடுகின்றன. ரிப்பீட்டர் வாங்கினால், அலை எட்டாத அந்த அறைக்குள் வைத்துப் பயனில்லை. வீட்டின் பின்பக்க யன்னலோரம் வையுங்கள். ஆனாலும் வேகம் குறையலாம்.

நிலையான வழி வயர் இழுப்பதுதான். சாதாரண நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரை போகும். ஆனால் அதற்குள் இருப்பது செம்பு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். அருகில் மின்னல் விழுந்தால் அந்தச் செம்பு வழியே மின்சாரம் பாய்ந்து கருவிகள் கருகலாம், தொட்டிருப்பவருக்கும் ஆபத்து.

ஆகவே உலோகம் கலக்காத பைபர் வயரையே கேட்டு வாங்குங்கள். அது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் அதற்குரிய சிறு பெட்டி ஒவ்வொன்றும், அறைக்குள் ஒரு வைஃபை பெட்டியும் வேண்டும். வயரைக் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில் புதைக்கச் சொல்லுங்கள்.

செலவு சற்றுக் கூடத்தான் செய்யும். பிள்ளையின் உயிரைவிட அது பெரிதல்லவே! இடி முழங்கும் முன்பே பிளக்குகளைக் கழற்றிவிடவும் மறவாதீர்கள். மின்சாரக் கம்பி வழியாகவும் மின்னல் வரும்.