செம்புப் பட்டை கட்டிய நரிகள்

1848-49 குளிர்காலம். வட கனடாவின் உறைந்த கடலோரத்தில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் பனியில் சிக்கி நின்றிருந்தன. அவற்றின் மாலுமிகள் விநோதமான வேலை ஒன்றில் இறங்கினார்கள். பொறி வைத்து வெள்ளை நரிகளைப் பிடித்தார்கள், ஆனால் கொல்லவில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் செம்புப் பட்டை ஒன்றை மாட்டி, மறுபடி ஓட விட்டார்கள். மீட்புக் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்ற விவரம் பட்டையில் பொறித்திருந்தது. பசியோடு எங்கோ அலைகிற யாராவது அந்த நரியைச் சுட்டால் கறியோடு முகவரியும் கிடைக்கும் என்பது கணக்கு. 1850-ல் பலூன்களும் வந்தன. திரி மெல்ல எரிய எரிய, கோத்திருந்த வண்ணத் தாள்களை அவை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டே போயின.

நரியும் பலூனும் தேடியது 129 பேரை.

அவர்கள் 1845 மே 19 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பியவர்கள். தலைவர் சர் ஜான் ஃபிராங்க்ளின், வயது 59. இளமையில் ஒரு வடதுருவப் பயணத்தில் பட்டினி கிடந்து, தோல் காலணியைத் தின்று உயிர் பிழைத்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கக் கண்டத்தின் வடக்கு விளிம்பைச் சுற்றி ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். கப்பல்கள் இரண்டு: எரபஸ், டெரர். கிரேக்கப் புராணத்தில் எரபஸ் என்றால் பாதாளத்து இருட்டு. டெரர் என்றால் பீதி. குண்டு வீசும் போர்க்கப்பல்களாகப் பிறந்தவை என்பதால் வந்த பெயர்கள் இவை.

வசதிக்குக் குறைவில்லை. முன்புறத்தில் இரும்புத் தகடு, ரயில் எஞ்சினைப் பிரித்து மாட்டிய நீராவி இயந்திரம், மூன்று வருஷத்துக்கான சாப்பாடு, ஆயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள், பாட்டு வாசிக்கும் கைப்பெட்டி, ஒரு நாய், ஒரு குரங்கு. ஆயிரக்கணக்கான தகர டப்பாக்களில் அடைத்த இறைச்சியும் சூப்பும். அந்த ஜூலை மாதக் கடைசியில், பாஃபின் விரிகுடாவில் இரண்டு திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இவர்களைப் பார்த்தன. அதற்குப் பிறகு எந்த ஐரோப்பியரும் அவர்களை உயிரோடு பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் லண்டனில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூன்று வருஷத்துச் சாப்பாடு இருக்கிறதே! கவலைப்பட்டவர் ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன். கடற்படைத் தலைமையகத்தை அவர் நச்சரித்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் போட்டார். மாலுமிகளை மீட்போருக்கு 20,000 பவுன் பரிசு என்று 1850-ல் அரசு அறிவித்தது. தேடப் போன கூட்டம் லேசானதல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தேடல் பயணங்கள் போயின. தேடப் போனவர்களிலேயே சிலர் மாண்டார்கள். எட்வர்ட் பெல்ச்சர் என்ற தளபதி 1854-ல் தன் ஐந்து கப்பல்களில் நான்கைப் பனியிலேயே கைவிட்டு ஊர் திரும்பினார். அவற்றில் ரெசொல்யூட் என்ற கப்பல் மட்டும் ஆளில்லாமல் தானாகவே மிதந்து வந்து, ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரரிடம் சிக்கியது. அதன் பலகையில் செய்த மேஜைதான் வெள்ளை மாளிகையில் பல ஜனாதிபதிகள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மேஜை.

காணாமல் போனவர்களைத் தேடியதில் கனடாவின் வடக்கு வரைபடம் நிரம்பியது. ஆள்கள்தான் கிடைக்கவில்லை. 1850-ல் பீச்சி தீவில் மூன்று கல்லறைகள் தட்டுப்பட்டன. 1846-ம் வருஷத்து மரணங்கள். முதல் குளிர்காலத்தை அங்கே கழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட விட்டுவைக்கவில்லை. கப்பல்கள் போனது தெற்கே. தேடியவர்களில் பெரும்பாலோர் வடக்கிலும் மேற்கிலும் அலைந்தார்கள்.

விடை கிடைத்தது ஒரு தொப்பிப் பட்டையில்.

ஜான் ரே, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்காரர்; ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவர். பனிக்கட்டியில் வீடு கட்டவும், வடக்கின் பூர்வகுடிகளான இனுயிட்டுகளைப் போல உடுத்தவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டு, நாலைந்து பேரோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தே போகிறவர். 1854 ஏப்ரலில் பெல்லி விரிகுடா அருகே ஓர் இனுயிட் மனிதரைச் சந்தித்தார். அந்த ஆளின் தலையில் கடற்படை அதிகாரிகளின் தொப்பியில் இருக்கும் தங்கப் பட்டை. எங்கே கிடைத்தது என்று ரே கேட்டார். வெள்ளைக்காரர்கள் செத்துக் கிடந்த இடத்திலிருந்து வந்தது என்றார் அவர். முப்பத்தைந்து, நாற்பது பேர், மேற்கே வெகுதூரத்தில், ஒரு பெரிய ஆற்றுக்கு அப்பால், பட்டினியில் செத்தார்கள்.

அடுத்தடுத்து வந்தவர்களிடம் ரே பொருள்களை விலைக்கு வாங்கினார். வெள்ளிக் கரண்டிகள், முள்கரண்டிகள், கடிகாரத்தின் துண்டுகள், ஃபிராங்க்ளினின் பெயர் பொறித்த சிறு தட்டு, அவருடைய பதக்கம். சாட்சிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இனுயிட்டுகள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். சடலங்கள் வெட்டப்பட்டிருந்தன, சட்டிகளில் இருந்தது மனித மாமிசம். ரே அதையும் மறைக்காமல் கடற்படைக்கு எழுதினார். அது பத்திரிகையில் வந்துவிட்டது.

லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் இரண்டு பகுதியாக மறுப்பு எழுதினார். ஆங்கிலேய மாலுமி அப்படிச் செய்யவே மாட்டான், காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்புவதா, அவர்களே கொன்றிருக்கலாமே என்பது அதன் சாரம். எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்பதால் அந்தப் பழி வெகுகாலம் இனுயிட்டுகளின் மேல் ஒட்டிக்கொண்டது. இனுயிட்டுகளை அறியாதவர், அவர்களின் பேச்சை நேரில் கேட்டு வந்தவரோடு வாதாடிய விந்தை அது. ரேக்கும் அவருடைய ஆள்களுக்குமாகப் பரிசுப் பணத்தில் 10,000 பவுன் கிடைத்தது. ஆனால் ரேக்கு, மற்ற துருவப் பயணிகளுக்குத் தாராளமாகக் கிடைத்த 'சர்' பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை.

இதற்கிடையே, அரசு அந்த 129 பேரையும் 1854 மார்ச் 31-ந் தேதியோடு இறந்தவர்கள் கணக்கில் எழுதிவிட்டது. ஜேன் ஃபிராங்க்ளின் அதை ஏற்கவில்லை. விதவைக்குரிய கறுப்பைக் களைந்துவிட்டுப் பச்சையும் இளஞ்சிவப்புமாக உடுத்தி நடமாடினார். ஃபாக்ஸ் என்ற சிறு கப்பலைத் தானே வாங்கி, லியோபோல்ட் மெக்ளின்டாக்கின் தலைமையில் 1857-ல் அனுப்பினார்.

1859 மே மாதம், கிங் வில்லியம் தீவில் மெக்ளின்டாக்கின் துணை அதிகாரி ஹாப்சன் கற்குவியல் ஒன்றைக் கண்டார். உள்ளே ஒரு தகரக் குழாய். அதற்குள் அச்சிட்ட படிவம் ஒன்று. இதைக் கண்டெடுப்பவர் தயவுசெய்து கடற்படைச் செயலருக்கு அனுப்பவும் என்று ஆறு ஐரோப்பிய மொழிகளில் அதில் அச்சடித்திருந்தது. அந்த மண்ணில் பேசப்படும் மொழி அந்த ஆறில் இல்லை. படிவத்தின் நடுவில் 1847 மே 28 தேதியிட்டு, எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தது. ஓரத்தைச் சுற்றி, பதினோரு மாதம் கழித்து எழுதிய குறிப்பு. 1846 செப்டம்பர் 12 முதல் கப்பல்கள் பனியில் சிக்கிக் கிடந்தன. ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று, அதாவது 'நலம்' எழுதிய பதினாலாம் நாள், இறந்தார். மொத்தம் 24 பேர் மாண்டார்கள். மிச்சம் 105 பேரும் டெரரின் கேப்டன் குரோஷியர் தலைமையில் கப்பல்களைக் கைவிட்டு, 1848 ஏப்ரல் 26 அன்று தெற்கே பேக் ஆற்றை நோக்கி நடக்கப் போகிறார்கள்.

நடந்த லட்சணத்தை மெக்ளின்டாக் அதே கரையில் பார்த்தார். பனிச்சறுக்கு வண்டியின் மேல் 28 அடி நீளப் படகு. வண்டியும் படகுமாக அறுநூறு கிலோவுக்கு மேல். உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள், குண்டு போட்டுத் தயாராக வைத்த இரண்டு துப்பாக்கிகள். கூடவே பட்டுக் கைக்குட்டை, பூவேலை செய்த செருப்பு, சோப்பு, சீப்பு, பல்துலக்கி, புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகள். சாப்பிடுவதற்கு என்று இருந்தவை கொஞ்சம் தேயிலையும் சுமார் நாற்பது பவுண்டு சாக்லேட்டும். படகின் முகம் தெற்கே பார்க்கவில்லை. விட்டுவந்த கப்பல்கள் இருந்த திசையைப் பார்த்தது. சிலராவது மனம் மாறித் திரும்பியிருக்க வேண்டும்.

ஏன் செத்தார்கள்? 1980-களில் ஓவன் பீட்டி என்ற கனடா மானிடவியலாளர் பீச்சி தீவின் கல்லறைகளைத் திறந்தார். ஜான் டாரிங்டன் என்ற இருபது வயது இளைஞரின் உடல், 138 வருஷத்துக்குப் பிறகும் இமை பாதி திறந்தபடி, பனியில் கெடாமல் கிடந்தது. எடை நாற்பது கிலோகூட இல்லை. உடலில் ஈயம் ஏராளமாக இருந்தது. டப்பாக்களின் பற்றவைப்பிலிருந்து ஈயம் உணவில் கலந்தது என்று உலகமே பேசியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷாரின் உடலில் ஈயம் பொதுவாகவே அதிகம். பசி, குளிர், நோய் என்று பல சேர்ந்துதான் கொன்றிருக்க வேண்டும். மாமிச விஷயத்தில் மட்டும் இப்போது ஐயமில்லை. 1990-களில் ஆராய்ந்த எலும்புகளில் கத்தி பட்ட தடங்கள் இருந்தன. 2024-ல் மரபணுச் சோதனை ஒரு தாடை எலும்பு யாருடையது என்று சொன்னது: எரபஸின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். படிவத்தின் ஓரத்தில் அந்தக் குறிப்பை எழுதியவர். அந்தத் தாடையிலும் வெட்டுத் தடம்.

அதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு. அது வரைபடத்தில் இருந்தது. கிங் வில்லியம் தீவு அன்றைய படங்களில் நிலத்தோடு ஒட்டியதாகக் காட்டப்பட்டிருந்தது. கிழக்கே வழி அடைபட்டிருக்கிறது என்று நினைத்து மேற்கே போனார்கள். வடக்கிலிருந்து வரும் கனத்த பனி வந்து குவியும் இடம் அது. 1903-ல் ஆறு துணைவர்களோடு சின்னஞ்சிறு யோவா கப்பலில் வந்த நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்சென் கிழக்குப் பக்கமாகப் போனார். வழியில் இரண்டு குளிர்காலம் தங்கி, இனுயிட்டுகளிடம் தோலாடை உடுத்தவும் நாய் வண்டி ஓட்டவும் பழகினார். வடமேற்கு வழியை முழுதும் கப்பலிலேயே கடந்த முதல் ஆள் அவர்தான்.

இனுயிட்டுகளின் பேச்சை உட்கார்ந்து கேட்டவர்கள் முன்பே சிலர் இருந்தார்கள். அமெரிக்கரான சார்லஸ் ஃபிரான்சிஸ் ஹால் 1860-களில் ஐந்து வருஷம் அவர்களோடு வாழ்ந்து கதைகளை எழுதிக்கொண்டார். மொழிபெயர்த்தது எபியர்பிங், டுகுலிட்டோ என்ற இனுயிட் தம்பதி. பின்னர் வடதுருவத்துக்கு என்று போன ஹால் 1871-ல் கப்பலிலேயே செத்தார். 1968-ல் கல்லறையைத் திறந்தபோது உடலில் ஆர்செனிக் இருந்தது. அது தனி மர்மம். அவருடைய ஆள்கள் 19 பேர், பச்சைக் குழந்தை உட்பட, மிதக்கும் பனிப்பாளம் ஒன்றில் ஆறு மாதத்துக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. சீல் வேட்டையாடி அத்தனை வாய்க்கும் சோறு போட்டவர்கள் எபியர்பிங்கும் ஹான்ஸ் ஹென்ட்ரிக் என்ற கிரீன்லாந்துக்காரரும்.

அதே எபியர்பிங் 1879-ல், ஃபிராங்க்ளின் குழுவின் தடயங்களைத் தேடி வந்த ஷ்வாட்கா என்ற அமெரிக்கருக்கும் மொழிபெயர்த்தார். புத்துராக் என்ற முதியவர் சொன்னது இது: அடிலெய்ட் தீபகற்பத்தின் மேற்கே ஒரு கப்பல் பனியில் நின்றது. உள்ளே படுக்கையில் ஒரு பிணம். ஏறுவதற்கு வழி தெரியாமல் பக்கவாட்டில் ஓட்டை போட்டோம். பனி உருகியதும் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் புகுந்து கப்பல் மூழ்கிவிட்டது.

கனடா அரசு 2008-லிருந்து ஒலியலைக் கருவியோடு தேடியது. 2014 செப்டம்பரில், முதியவர் சொன்ன அதே பகுதியில், சுமார் பதினோரு மீட்டர் ஆழத்தில் எரபஸ் கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து, யோவா ஹேவன் ஊர்க்காரரான சாமி கோக்விக் தேடல் கப்பலில் ஒரு பழைய கதையைச் சொன்னார். சில வருஷத்துக்கு முன் மீன்பிடிக்கப் போகும் வழியில் உறைந்த கடலிலிருந்து ஒரு மரத்தூண் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்தார், கேமராவைத் தொலைத்துவிட்டார், கெட்ட சகுனம் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. கப்பலை அங்கே திருப்பினார்கள். அந்த இடத்தின் பெயர் டெரர் விரிகுடா. கப்பல் கிடைப்பதற்கு வெகு முன்பே வைத்த பெயர். 24 மீட்டர் ஆழத்தில், அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது டெரர்.

2019-ல் சிறு நீர்மூழ்கிக் கேமரா ஒன்றை அதன் அறைகளுக்குள் அனுப்பினார்கள். அலமாரியில் பீங்கான் தட்டுகள் வரிசை குலையாமல் இருந்தன. குரோஷியரின் அறையில் மேஜையும் அதன் இழுப்பறைகளும் மூடியபடி வண்டலில் அரைவாசி புதைந்திருந்தன. அதை ஒட்டிய அவருடைய படுக்கை அறைக்குள் மட்டும் கேமரா போக முடியவில்லை. அந்தத் தளத்தில் சாத்தியிருந்த ஒரே கதவு அதுதான்.