டேப் பிளக்-இன்: இதம் எங்கிருந்து வருகிறது?

கணினியில் பதிவான டிரம்ஸ் காதில் குத்துகிறது. பழைய டேப் ரெக்கார்டரின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருளான டேப் பிளக்-இன் போட்டதும் இதமாகிறதே, ஏன்? டேப்பில் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்கள் ஓரளவுக்கு மேல் காந்தமேறாது. ஒலி உரக்க வந்தால் அலையின் உச்சி மெல்ல மழுங்கும். கூடவே மும்மடங்கு அதிர்வெண்ணும் முளைக்கும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் 300-லும் கொஞ்சம் ஒலிக்கும். போன் ஸ்பீக்கரிலும் பேஸ் பிடிபடுவது அதனால்தான்.

பிளக்-இன் அதே மழுங்கலைக் கணக்கிட்டுப் போடுகிறது. வாங்குமுன் அதில் டேப் ஓடும் வேகத்தை மாற்றிப் பாருங்கள்: நொடிக்கு 15 அங்குலத்தில் அடிநாதம் தடிக்கும், 30-ல் மேல்ஒலிகள் தெளியும், இரைச்சல் குறையும். பீட்டில்ஸ் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தைப் பதிவுசெய்த ஸ்டூடர் ஜே37 டேப் ரெக்கார்டரின் நகலை வேவ்ஸ் நிறுவனம் பிளக்-இன்னாக விற்கிறது. பெயரே பாதிப் பேரை மயக்கிவிடும்! அதனால் பிளக்-இன் போட்டதையும் போடாததையும் ஒலியளவைச் சமமாக்கிவிட்டே ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது உரத்த பக்கம் சாய்ந்துவிடும்.