ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்!

திருச்சி கே.கே. நகர் தாய்மார்களே! பிளஸ் ஒன் படிக்கும் மகள் ‘கரைசலின் செறிவு’ என்று உருப்போட்டால், ‘நமக்கெதுக்கு இது?’ என்று நகர்ந்துவிடாதீர்கள். வீட்டுக் கைக்குழந்தைக்குப் பேதி கண்டால் கை கொடுப்பது அந்தப் பாடம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய ஓ.ஆர்.எஸ். அளவு, 1 லிட்டர் தண்ணீருக்குப் பொடி 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் மட்டும் 13.5. ‘பிள்ளை அவ்வளவா குடிக்கப் போறது?’ என்று சிலர் ஒரே டம்ளரில் முழுதையும் கொட்டிவிடுகிறார்கள். 200 மில்லி டம்ளரானால் செறிவு எத்தனை மடங்கு? மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 5 மடங்கு! அது உடம்பு நீரையே குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்புகூட வரலாம். தண்ணீர் அதிகமானாலோ, இழந்த உப்பு திரும்பாது.

1971-ல் மேற்கு வங்க அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியதும் நிறுத்துக் கட்டிய பொட்டலங்களால்தான்.

200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் கடையில் உண்டு. உறையைப் படித்து, கொதித்து ஆறிய நீரில் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.