மண் அள்ளும் வண்டிக்கு முதுகில் கண் கிடையாது!

கோடை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மஞ்சள் வண்டிகளுக்கு ஓய்வே இருக்காது. ஏரியில் வண்டல் எடுக்க, பண்ணைக்குட்டை வெட்ட, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட என்று எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு வாடகையில் வண்டி வந்துவிடுகிறது. ஜேசிபி என்பது பிரிட்டன் கம்பெனியின் பெயர், பொக்லைன் பிரான்ஸ், ஹிட்டாச்சி ஜப்பான். மூன்றுமே இன்று ஊர்ப்பேச்சில் வண்டியின் பெயராகிவிட்டன. வண்டி பழகிய அளவுக்கு, அதன் பக்கத்தில் எப்படி நிற்பது என்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

விபத்து நடந்தால் ‘டிரைவர் கவனிக்கவில்லை’ என்பார்கள். பல நேரங்களில் அவரால் கவனிக்கவே முடியாது என்பதுதான் உண்மை. செயின் வண்டியில் டிரைவர் உட்காரும் கூண்டு இடதுபுறம் இருக்கிறது. பக்கெட்டைத் தாங்கும் பெரிய கை கூண்டுக்கு வலதுபுறம். கை மேலே எழும்பும்போது வலது பக்கம் பாதி மறைந்துவிடும். பின்னால் இன்ஜினும், வண்டி கவிழாமலிருக்க வைத்த பல டன் எடைக்கட்டியும் பார்வையை அடைக்கின்றன. அங்கே ஒருவர் குனிந்து நின்றால் தெரியவே தெரியாது. டயர் வண்டியிலோ, பின்பக்கம் தோண்டும்போது டிரைவர் இருக்கையைத் திருப்பிக்கொள்கிறார். அப்போது முன்பக்க பக்கெட் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

செயின் வண்டி நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றும். பக்கெட் மண்ணோடு ஒரு பக்கம் திரும்பினால், எடைக்கட்டி எதிர்ப்பக்கம் திரும்பும். அதற்கும் ஒரு மரத்துக்கும், சுவருக்கும், நிற்கும் டிப்பருக்கும் நடுவில் ஆள் சிக்கினால் ஒதுங்க நேரமில்லை. அந்தச் சந்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்: மண்வெட்டியோடு ஓரம் செதுக்கும் கூலியாள், மட்டம் பார்க்கும் மேஸ்திரி, மணிக்கணக்கைக் கவனிக்க வந்த நிலத்துக்காரர், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்.

சுண்ணாம்பில் ஒரு வட்டம்

வேலை தொடங்கும் முன் டிரைவரிடம் சொல்லி, கையை முழுசாக நீட்டி பக்கெட்டைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கும் நாலடி வெளியே சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போடுங்கள், அல்லது கயிறு கட்டுங்கள். வண்டி ஓடும்போது உள்ளே யாருக்கும் வேலை கிடையாது. போக வேண்டிய அவசியம் வந்தால், டிரைவர் கண்ணில் படும்படி முன்னால் நின்று கை காட்ட வேண்டும். அவர் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, லீவரிலிருந்து கையை எடுத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். சைகை காட்ட ஒரே ஆள் போதும். நாலு பேர் நாலு பக்கமிருந்து ‘வா, வா’ என்றால் டிரைவர் யாரைப் பார்ப்பார்? ஆனால் ‘நிறுத்து’ என்று யார் கத்தினாலும் வண்டி நிற்க வேண்டும்.

பக்கெட்டில் ஆளை ஏற்றிக் கிளை வெட்டுவதும், திருவிழாவில் பூத் தூவுவதும் இப்போது வாடிக்கையாகிவிட்டன. பக்கெட் மண் அள்ளச் செய்தது. ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று வெடித்தால் மேலே இருப்பவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.

ஐந்து அடியில் தொடங்கும் ஆபத்து

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள். மானாவாரி ஏமாற்றும் வருடங்களில் விவசாயக் குடும்பத்துப் பையன்கள் டிப்பர் டிரைவராக, ஹெல்ப்பராக அங்கே போகிறார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தைப் படிப்படியாக வெட்ட வேண்டும், மண்ணில் ஒரு படி 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கடினப் பாறையில் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 1961-ம் வருட சுரங்க ஒழுங்குமுறை. 2022 மே 14 அன்று இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நாலு பேர் உயிரிழந்தனர். பள்ளம் சுமார் 300 அடி ஆழம். ஹிட்டாச்சியும் டிப்பரும் கீழே இருக்கும்போது மேலே பாறை செங்குத்தாக நின்றால், ஹெல்மெட் போட்டும் பயனில்லை.

நிலத்தில் வெட்டும் குழிக்கும் அந்த 1.5 மீட்டர், அதாவது ஐந்து அடிதான் எல்லை. அதற்கு மேல் ஆழமான குழியில் ஆள் இறங்குவதானால் பக்கவாட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சரிவாக வெட்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். நெஞ்சளவு மூடினாலே மூச்சு விட முடியாது. கரிசலில் கூடுதல் கவனம் வேண்டும். கோடையில் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு மழை பெய்ததும் அந்த வெடிப்பு வழியாகவே சரியும். அள்ளிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிப்பதும், டிப்பரை விளிம்புவரை பின்னால் எடுப்பதும் சரிவை நாமே அழைப்பதுதான். மண் மூடிவிட்டால் பதற்றத்தில் பக்கெட்டை இறக்கித் தோண்ட வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

தாசில்தார் அனுமதி பெற்று ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-ல் அரசு வழி செய்தது நல்ல விஷயம். ஆனால் ஏரிக்குள் கிணறுபோல் செங்குத்தாகத் தோண்டிவிட்டுப் போனால், ஐப்பசியில் தண்ணீர் நிறைந்ததும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆழம் தெரியாது.

மேலே பாருங்கள்

வயலுக்கு மேல் போகும் 11 கே.வி. கம்பியைக் கை தொடவே வேண்டியதில்லை; நெருங்கினாலே மின்சாரம் தாவும். தொட்டியைத் தூக்கியபடியே நகரும் டிப்பருக்கும் இதே கதைதான். கம்பிக்குக் கீழே வேலை என்றால் முன்கூட்டியே மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. பட்டுவிட்டால் டிரைவர் உள்ளேயே இருக்க வேண்டும். காப்பாற்ற ஓடி யாரும் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்து, வண்டியும் தரையும் ஒரே நேரத்தில் உடம்பில் படாதபடி குதிக்க வேண்டும்.

வாடகை பேசும்போதே கேளுங்கள்

மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வண்டியின் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், டிரைவரின் உரிமம் மூன்றையும் வாங்கி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளுக்கும் பதிவு செய்யலாம்.

குவாரிக்கோ கட்டுமானத்துக்கோ வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இன்னொன்று. சட்டப்படியான இழப்பீட்டுக் கணக்கின்படி, மாதம் 12,000 ரூபாய் வாங்கும் 40 வயதுத் தொழிலாளி வேலையில் விபத்தில் இறந்தால், ஊதியத்தில் பாதியான 6,000-ஐ அந்த வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். சுமார் 11 லட்சம் வருகிறது. குவாரிக்காரர் ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். மனு கொடுக்க இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. வேலை செய்தார் என்று காட்டும் சம்பளச் சீட்டு, வங்கி வரவு, டிப்பர் டிரிப் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.