தராசு காட்டாத தளர்ச்சி

உடலின் எடை குறையாதிருந்தால் வலிமையும் குறையவில்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். மூப்படைந்த பெண்டிரிடத்தும் புற்றுநோயினின்று மீண்டவரிடத்தும் இவ்வெண்ணம் பொய்த்துப் போவதுண்டு. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்ளுமாயின், தராசின் முள் சிறிதும் அசைவதில்லை. முதுமையில் நேரும் இத்தசையிழப்புக்கு ‘சார்க்கோப்பீனியா’ என்னும் பெயரை அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1989-ஆம் ஆண்டில் வழங்கினார்.

இதனை அறிவதால் பயன் என்ன? தசை நலிந்தவர் எளிதில் விழுவர். எலும்பு முறிவுக்கும் ஆளாவர். மேலும், புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் அளவு உயரத்தையும் எடையையும் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடை ஒத்திருந்தும் தசை குறைந்தவர்க்கு, அதே அளவு மருந்து மிகுந்த நச்சு விளைவைத் தரக்கூடும்.

தசையை அளப்பது எங்ஙனம்? எலும்பின் அடர்த்தியைக் காணும் எக்ஸ்-கதிர்க் கருவி, கொழுப்பும் எலும்பும் நீங்கலான பகுதியைக் கணக்கிட்டுத் தரும். ஆயினும் அப்பகுதியில் நீரும் உள்ளுறுப்புகளும் அடங்கும். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கியிருப்பின், அவ்வீக்கத்தின் நீரும் தசைக் கணக்கில் சேர்ந்துவிடும். நோயின் நிலையை அறிய எடுத்த சி.டி. படத்தில், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தெரியும் தசையின் பரப்பை அளப்பது இன்னொரு முறை.

மற்றுமொரு முறை ஆராய்ச்சியாளரிடையே வழங்குகிறது. உடலிலுள்ள கிரியேட்டினில் மிகப் பெரும்பகுதி தசையிலேயே தங்கியுள்ளது. அது கிரியேட்டினினாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட கிரியேட்டினைச் சிறிதளவு விழுங்கச் செய்து, சில நாள் கழித்துச் சிறுநீரைச் சோதிப்பர். ஒரு சிமிழ்ச் சாயம் குடத்து நீரில் அடர்ந்தும் அண்டா நீரில் வெளிறியும் தோன்றுமன்றோ? அவ்வாறே அடையாளம் எவ்வளவு வெளிறியதோ, அவ்வளவு தசை மிகுதி என்று கொள்வர்.

இக்கருவிகள் எட்டாத இடத்தில் எளிய அளவைகளும் உண்டு. ஆசிய அறிஞர் குழுவொன்று 2019-இல் வெளியிட்ட நெறிப்படி, பெண்களுக்குக் கெண்டைக்காலின் சுற்றளவு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், கைப்பிடியின் வலிமை 18 கிலோவுக்குக் குறைந்தாலும், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும், மருத்துவர் மேற்கொண்டு ஆராய்தல் வேண்டும். கால் வீங்கியிருப்பின் சுற்றளவை நம்புதல் கூடாது.

இழந்த வலிமை மீளாது என்று சோர்வடைய வேண்டுவதில்லை. தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோரும் எட்டு வாரப் பளுப் பயிற்சியால் கால் வலிமையைப் பெருக்கிக்கொண்டதை 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே எடையை மட்டும் கேட்டு அமையாது, வலிமையையும் அளந்து கூறுமாறு மருத்துவரைக் கேட்பது நன்று.