ஆவிக்கூம்பும் அதிர்ச்சி அலையும்: ஒலிவேகத்தை நெருங்கும் விமானங்களைச் சூழும் மேகம்

ஆய்வுச் சுருக்கம்

ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் போர்விமானங்களைச் சுற்றி வெண்ணிறக் கூம்பு ஒன்று தோன்றி மறைவதுண்டு. அதனையே அதிர்ச்சி அலை என்றும், விமானம் ‘ஒலித்தடையை உடைத்த’ கணத்தின் சான்று என்றும் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. அக்கூம்பு, அழுத்தம் குறைந்து குளிர்ந்த காற்றில் உருவாகும் மேகமே என்பதையும், அதிர்ச்சி அலை அம்மேகத்தைத் தோற்றுவிப்பதில்லை, முடித்துவைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எளிய கணக்கீட்டின் வழி விளக்குகிறது. இவ்வேறுபாட்டின் அடிப்படையில் வழக்கிலுள்ள கலைச்சொற்கள் சிலவற்றையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவிக்கூம்பு, அதிர்ச்சி அலை, மாக் எண், பனிநிலை, ஒலித்தடை, கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

1999 ஜூலை 7 அன்று, பசிபிக் கடலில் சென்றுகொண்டிருந்த ‘கான்ஸ்டலேஷன்’ என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஜான் கே என்ற கடற்படை அலுவலர் ஓர் ஒளிப்படம் எடுத்தார். எஃப்/ஏ-18 ஹார்னெட் விமானம் ஒன்று, தன்னைச் சுற்றி விரிந்த வெண்மேக வட்டத்தின் நடுவே நீண்டு செல்வதை அப்படம் காட்டியது. உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியின் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் முதற்பரிசும் பெற்றது. ‘ஒலித்தடையை உடைக்கும் விமானம்’ என்ற குறிப்புடன் அது உலகெங்கும் பரவியது. படம் உண்மையானது, ஆனால் அக்குறிப்பு கூறுவதைப் படம் மட்டும் மெய்ப்பிக்க இயலாது. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

2. ஒலிவேகமும் மாக் எண்ணும்

காற்றில் ஒலியின் வேகம் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 15 டிகிரி செல்சியஸில் அது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் (மணிக்கு 1,225 கிலோமீட்டர்). பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தில், வெப்பநிலை -56 டிகிரி அளவிற்குக் குறையும்போது, அது நொடிக்கு 295 மீட்டராகக் குறைகிறது. ஆகவே ஒரு விமானத்தின் வேகத்தை அவ்விடத்து ஒலிவேகத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணையே ஆய்வாளர்கள் கையாள்கின்றனர். அதற்கு ‘மாக் எண்’ என்னும் பெயரை 1929-இல் வழங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஜேக்கப் ஆக்கரெட். பீட்டர் சால்ச்சருடன் இணைந்து, பாய்ந்து செல்லும் தோட்டாவின் அதிர்ச்சி அலையைப் படம்பிடித்து 1887-இல் வெளியிட்ட எர்ன்ஸ்ட் மாக்கின் நினைவாக அப்பெயர் அமைந்தது.

விமானத்தின் மாக் எண் ஒன்று. அதன் உடலைச் சூழ்ந்து ஓடும் காற்றின் மாக் எண்கள் பல. சிறகின் மேற்பரப்பு, விமானி அறையின் மேற்கவிப்பு போன்ற வளைந்த பகுதிகளின்மேல் காற்று விரைந்து செல்லும். விமானம் 0.9 மாக் எண்ணில் பறக்கையில், அப்பகுதிகளில் காற்றின் வேகம் ஒலிவேகத்தைக் கடந்திருக்கக்கூடும். விமானம் ஒலிவேகத்தைக் கடக்காத நிலையிலேயே அதனைச் சுற்றிச் சில மீயொலிப் பகுதிகள் அமைகின்றன என்பது இதன் பொருள்.

3. மேகம் உருவாகும் முறை

விரைந்து செல்லும் காற்றில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்து விரிவடையும் காற்று, சுற்றுப்புறத்துடன் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ள நேரமின்மையால் குளிர்கிறது. குளிர்ச்சி போதிய அளவு மிகுந்தால், அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகச் சுருங்குகிறது. மலைமுகட்டில் ஏறும் காற்று மேகமாவதும் இதே விதிப்படிதான். மலையில் பல நிமிடங்கள் எடுக்கும் நிகழ்வு இங்கு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிகிறது.

இதனை ஒரு கணக்கீட்டால் காணலாம். கடல்மட்டத்தை ஒட்டி, 28 டிகிரி வெப்பநிலையும் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உடைய காற்றில், விமானம் 0.9 மாக் எண்ணில் பறப்பதாகக் கொள்வோம். அக்காற்றின் நீராவி அழுத்தம் ஏறத்தாழ 30 ஹெக்டோபாஸ்கல். விமான உடலின்மேல் ஓரிடத்தில் காற்றோட்டம் சரியாக ஒலிவேகத்தை அடைந்தால், அங்கு வெப்பநிலை 18 டிகிரியாகக் குறையும். விரிவடைதலால் நீராவி அழுத்தமும் 27 ஹெக்டோபாஸ்கலாகக் குறையும். ஆனால் 18 டிகிரியில் காற்று தெவிட்டுவதற்கு 21 ஹெக்டோபாஸ்கலே போதும். எஞ்சிய நீராவி துளியாக வேண்டியதே. காற்றோட்டம் 1.3 மாக் எண்ணை எட்டும் இடத்தில் வெப்பநிலை -12 டிகிரி வரை வீழும். நீராவி அழுத்தம் தெவிட்டு நிலையைப்போல் ஏழு மடங்கைத் தாண்டும். நீராவி துளியாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் இக்கணக்கீட்டில் சேர்க்கப்படவில்லை. அது குளிர்ச்சியை ஓரளவு தணிக்கும். முடிவின் திசையை மாற்றாது.

இக்கணக்கீட்டிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மேகம் தோன்ற விமானம் ஒலிவேகத்தைக் கடக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் மிகுந்த நாளில், ஒலிவேகத்தின் கால்பங்கிற்கும் குறைவான வேகத்தில் தரையிறங்கும் பயணிகள் விமானத்தின் சிறகின்மேலும் வெண்படலம் தோன்றுவதை இது விளக்குகிறது. இரண்டாவது, ஒலிவேகத்தைக் கடந்தாலும் மேகம் தோன்ற வேண்டும் என்பதில்லை. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் முதன்முதலாக 1.06 மாக் எண்ணை எட்டியது, 13 கிலோமீட்டர் அளவு உயரத்தில். அவ்வுயரத்துக் காற்றில் நீராவி மிகச் சொற்பம். கூம்பு மேகத்தின் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் கடலின்மேல் தாழப் பறக்கும் விமானங்களுடையவையாக இருப்பதன் காரணமும் இதுவே.

4. அதிர்ச்சி அலையின் பங்கு

மீயொலிப் பகுதியில் விரைந்த காற்று மீண்டும் மெதுவடைந்தாக வேண்டும். அம்மாற்றம் பெரும்பாலும் படிப்படியாக நிகழாமல், மைக்ரோமீட்டர் அளவு தடிப்புடைய ஒரு தளத்தில் திடீரென நிகழ்கிறது. அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை ஆகிய மூன்றும் ஒருங்கே உயரும் அத்தளமே அதிர்ச்சி அலை. முன்னர்க் கண்ட எடுத்துக்காட்டில், 1.3 மாக் எண்ணில் -12 டிகிரியாக இருந்த காற்று, நேர்க்குத்தான அதிர்ச்சி அலையைக் கடந்ததும் 38 டிகிரியை அடைகிறது. அவ்வெப்பத்தில் நுண்துளிகள் நிலைத்திரா, மீண்டும் நீராவியாகின்றன.

எனவே கூம்பின் முன்பகுதி மெல்லத் தொடங்குவதும், பின்விளிம்பு கத்தியால் அரிந்ததுபோல் முடிவதும் தற்செயல் அல்ல. முன்பகுதி, காற்று படிப்படியாகக் குளிர்வதன் சுவடு. பின்விளிம்பு, அதிர்ச்சி அலை நிற்கும் இடத்தின் சுவடு. நாம் காண்பது அதிர்ச்சி அலையை அன்று. அது மேகத்தை அழிக்கும் எல்லையை.

அதிர்ச்சி அலையை நேரடியாகக் காட்ட வேறு முறை தேவை. அடர்த்தி மாறும் இடத்தில் ஒளிவிலகலும் மாறுவதைப் பயன்படுத்தும் ஷ்லீரன் முறை அதற்கு உதவுகிறது. மாக், சால்ச்சர் படங்களின் அடிப்படை அதுவே. இரண்டு டி-38 விமானங்களின் அதிர்ச்சி அலைகள் ஒன்றையொன்று சந்திப்பதைக் காட்டி 2019-இல் நாசா வெளியிட்ட படங்கள் அம்முறையின் இன்றைய வளர்ச்சியாகும்.

வடிவ ஒப்புமையும் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. மீயொலி வேகத்தில் செல்லும் பொருளின் பின்னே விரியும் மாக் கூம்பின் அரைக்கோணம் மாக் எண்ணைச் சார்ந்தது. மாக் எண் 2 எனில் அது 30 டிகிரி. ஒலிவேகத்திற்குக் குறைந்த வேகத்தில் மாக் கூம்பே இல்லை. மேகக் கூம்போ அவ்வேகத்திலும் தோன்றும். இரண்டும் கூம்புகளாக இருப்பினும் ஒன்று அல்ல. அவ்வாறே, தரையில் கேட்கும் ஒலிமுழக்கம் ‘தடை உடையும்’ கணத்தில் மட்டும் எழுவதன்று. மீயொலி வேகத்தில் பறக்கும் வழிநெடுகிலும் அது விமானத்தைத் தொடர்கிறது. இம்முழக்கம் காரணமாகவே பயணிகள் விமானங்கள் தன் நிலப்பரப்பின்மேல் மீயொலி வேகத்தில் பறப்பதை அமெரிக்கா 1973-இல் தடைசெய்தது.

5. பெயர் தந்த மயக்கம்

இம்மேகத்தைப் ‘பிராண்டல்–கிளாவர்ட் ஒருமைப்புள்ளி’ என்று அழைப்போரும் உளர். லுட்விக் பிராண்டல், ஹெர்மன் கிளாவர்ட் ஆகியோர் 1920-களில் கண்ட வாய்பாடு, குறைவேகத்தில் கணித்த அழுத்த வேறுபாட்டை உயர்வேகத்திற்குத் திருத்திக்கொள்ள உதவுவது. 0.8 மாக் எண்ணில் அத்திருத்தம் 1.67 மடங்கு, மாக் எண் ஒன்றை நெருங்குகையில் முடிவிலியை நோக்கி விரைகிறது. அந்த முடிவிலி வாய்பாட்டின் எல்லையைக் காட்டுவதேயன்றி, இயற்கையில் நிகழ்வதன்று. கணிதத்தின் குறைபாட்டுக்குரிய பெயரை மேகத்திற்குச் சூட்டுவது, மேகம் துல்லியமாக ஒலிவேகத்தில்தான் பிறக்கிறது என்ற எண்ணத்தை வளர்க்கிறது.

6. பிழையான வாசிப்பின் விளைவு

இவ்வேறுபாடு விமானவியலோடு நின்றுவிடுவதில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, வெண்ணிற அரைக்கோளம் ஒன்று விரிந்து மறைந்தது. அதனைக் கண்ட பலர் அணுகுண்டு வெடித்ததாக இணையத்தில் பதிவிட்டனர். 1946-இல் பிக்கினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைப் படங்களிலும் அதே வடிவம் காணப்படுவதே அதற்குக் காரணம். இரண்டு இடங்களிலும் நிகழ்ந்தது ஒன்றே: வெடிப்பின் அதிர்ச்சி அலை கடந்த பின், அழுத்தம் இயல்பைவிடக் குறைந்த பகுதியில் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாயிற்று. விமானத்தில் மேகம் அதிர்ச்சி அலைக்கு முன்னும், வெடிப்பில் அதற்குப் பின்னும் அமைகிறது. விரிவடைந்து குளிர்தல் என்னும் காரணம் மட்டும் மாறுவதில்லை. மேகம் ஈரப்பதத்தைக் காட்டும். வெடித்த பொருளைக் காட்டாது.

7. கலைச்சொற்கள் பற்றிய மதிப்பீடு

‘ஆவிக்கூம்பு’ என்னும் சொல் வழக்கில் உள்ளதெனினும், நீராவி கண்ணுக்குப் புலனாகாதது, புலனாவது நீர்த்துளிகளே. ‘முகிற்கூம்பு’ என்பது நிகழ்வின் இயல்பை நேராக உணர்த்தும். ‘ஒலித்தடை’ என்பது உடைபடும் சுவர் ஒன்றைக் கற்பிக்கிறது. ‘ஒலிவேகக் கடப்பு’ என்பது அக்கற்பனையைத் தவிர்க்கும். ‘மீயொலி’ என்னும் சொல் பாடநூல்களில் செவிக்கெட்டாத உயர் அதிர்வெண் ஒலியையும் குறிப்பதால், வேகத்தைச் சுட்டுகையில் ‘மீயொலி வேகம்’ என முழுமையாக எழுதுவது மயக்கத்தை நீக்கும்.

8. முடிவுரை

முகிற்கூம்பு, காற்று விரிந்து குளிர்ந்ததன் சான்று; அதன் பின்விளிம்பு கூர்மையாக அமையுமாயின், அங்கு அதிர்ச்சி அலை நிற்பதற்கான குறிப்பு. விமானம் ஒலிவேகத்தைக் கடந்ததா என்பதை மேகத்தைக் கொண்டு கூற இயலாது; வேகத்தையும் வெப்பநிலையையும் அளந்தே கூற இயலும். ஒளிப்படத்தை அறிவியல் சான்றாகக் கையாளும் பாடநூலாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும், படம் காட்டுவதையும் அதன் குறிப்பு கூறுவதையும் பிரித்தறிந்து எழுதுவது இன்றியமையாததாகும்.